கஞ்சா பிடிபட்ட பிறகு தெருவில் நடப்பது

'கஞ்சா போதையில் வெட்டினார்கள்' என்று செய்தி வந்தால், காரணம் தெரிந்துவிட்டது என்று எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். வழக்குக் கோப்பில் அதற்கு ஆதாரம் பெரும்பாலும் இருக்காது. கைதானவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனால் வழக்கமாகப் பார்ப்பது மது அருந்தியிருக்கிறாரா என்பதைத்தான். சிறுநீரில் கஞ்சாவைப் பரிசோதித்தாலும், தொடர்ந்து புகைப்பவரிடம் அதன் தடயம் வாரக்கணக்கில் தங்கும். வெட்டிய நேரத்தில் அவர் போதையில் இருந்தாரா என்பதை அந்தச் சோதனை சொல்லாது.

பால் கோல்ட்ஸ்டைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1985-ல் போதைப்பொருள் சார்ந்த வன்முறையை மூன்றாகப் பிரித்தார். போதையே செய்ய வைப்பது, போதைக்குப் பணம் தேடிச் செய்வது, வியாபாரத்துக்குள்ளேயே நடப்பது. அமலாக்கப் பணியில் இருப்பவர்கள் அதிகம் யோசிக்க வேண்டியது மூன்றாவதைப் பற்றித்தான். ஏனென்றால் அதைக் கூட்டுவதும் குறைப்பதும் ஓரளவு நம் கையில் இருக்கிறது.

ஆந்திர - ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலிலும் காரிலும் மூட்டை வருகிறது. கைமாறும் சரக்கில் ஒரு பங்கு கடனில்தான் ஓடும். மூட்டை பிடிபட்டால் சரக்குதான் போகும், கடன் போகாது. மேலே இருப்பவன் இடைத்தரகரை நெருக்குவான், இடைத்தரகர் பொட்டலம் விற்கும் பையன்களிடம் பழைய பாக்கியைக் கேட்பார். இந்தப் பாக்கிக்கு எந்தக் கோர்ட்டிலும் வழக்குப் போட முடியாது. அதனால்தான் அரிவாள் வெளியே வருகிறது.

அதோடு ஏரியா காலியாகிறது. முக்கிய விற்பனையாளர் உள்ளே போனதும் அவரிடம் இருந்த இரண்டு மூன்று பேர் ஆளுக்கொரு தெருவைப் பிடிக்கப் பார்ப்பார்கள். பக்கத்து ஏரியாக்காரரும் நுழைவார். 'காட்டிக்கொடுத்தது யார்' என்ற சந்தேகமும் கிளம்பும். மூன்றிலும் மிக ஆபத்தானது இந்தச் சந்தேகம்தான்; சம்பந்தமே இல்லாதவர் உயிரையும் அது வாங்கிவிடும்.

போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 68-வது பிரிவின்படி, தகவல் எங்கிருந்து வந்தது என்று அதிகாரியைச் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் தகவல் சொன்னவர் காகிதத்தில் மட்டும் வெளிப்படுவதில்லை. இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த பதுக்கிடத்துக்கு நேராகப் போய் நின்றால், அவர் வந்துபோன ஒரு மணி நேரத்துக்குள் சோதனை போட்டால், தெருவுக்கே புரிந்துவிடும். மகஜர் எனும் பறிமுதல் பதிவுக்குச் சாட்சியாக எதிரில் இருக்கும் டீக்கடைக்காரரைப் பிடிப்பதும் அப்படித்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் அதே தெருவில்தான் கடை திறக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் போன்ற அரசு ஊழியரைச் சாட்சியாக வைப்பது வழக்குக்கும் நல்லது, அந்தத் தெருவுக்கும் நல்லது.

அடுத்தது எடை. கஞ்சாவில் 1 கிலோவுக்குக் கீழே சிறு அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. வணிக அளவென்றால் 37-வது பிரிவின் கடுமையான ஜாமீன் நிபந்தனைகள் பொருந்தும். சட்டப்படி கஞ்சா என்பது பூக்கும், காய்க்கும் நுனிப்பகுதி. நுனி சேராத தனி இலையும் விதையும் கணக்கில் வராது. சாக்கு, டேப், தண்டு எல்லாம் சேர்த்து 21 கிலோ என்று எழுதினால், நிகர எடை 20-க்குக் கீழே இறங்கிய அன்றே வழக்கின் தன்மை மாறிவிடும். மாதிரியை மாஜிஸ்திரேட் முன்னிலையில் 52-ஏ பிரிவின்படி எடுக்க வேண்டும். 2022 விதிகளின்படி கஞ்சாவுக்கு 24 கிராம், இரண்டு பிரதிகள். தகவலை எழுத்தில் பதிந்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 42-வது பிரிவு. இவற்றில் ஒன்று தவறினாலும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வாதம் கிடைத்துவிடும். கைதானவர் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வெளியே வருவார். விட்டுப்போன ஏரியாவையும் சந்தேகப் பட்டியலையும் மனதில் வைத்துக்கொண்டுதான் வருவார். எடைச்சீட்டில் செய்த பிழை கொலை முயற்சி வழக்கில் போய் முடியலாம். காவலர் பயிற்சியில் இதை யாராவது அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஏரியா காலியாகும் இதே கணக்கு ஒரு நாட்டின் அளவில் எப்படி ஆகும் என்பதற்கு மெக்சிகோவைப் பார்க்கலாம். 2006 டிசம்பரில் அதிபர் கால்டெரோன் மிச்சோவாகான் மாநிலத்துக்கு ராணுவத்தை அனுப்பினார். கும்பல் தலைவர்களை ஒவ்வொருவராக வீழ்த்துவதே வழியாக இருந்தது. 2007-ல் 9,000-க்குக் கீழே இருந்த கொலைகள் 2011-ல் 27,000-ஐத் தாண்டின. வேறு காரணங்களும் உண்டு. ஆனால் தலை விழுந்த இடங்களில் கும்பல் உடைந்து, உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று மோதின என்பதில் சந்தேகமில்லை.

அமெரிக்காவின் வட கரோலினாவில் ஹை பாயிண்ட் நகர போலீசார் 2004-ல் வெஸ்ட் எண்ட் பகுதியில் வேறு மாதிரி செய்தார்கள். விற்பவர்கள் எல்லோர் மீதும் ஆதாரத்தைத் திரட்டிக்கொண்டார்கள். வன்முறைப் பின்னணி உள்ளவர்களை மட்டும் கைது செய்தார்கள். மற்றவர்களைக் குடும்பத்தாரோடு அழைத்து, தயாராக இருக்கும் வழக்கைக் காட்டி, நிறுத்தினால் வழக்கு இல்லை, வேலைக்கும் உதவி உண்டு என்றார்கள். தெருச் சந்தை மூடியது, அந்தப் பகுதியில் வன்முறையும் குறைந்தது. வேறு நகரங்களில் இதே பலன் எப்போதும் கிடைக்கவில்லை. ஆனாலும் யாரை முதலில் பிடிப்பது என்பதை வன்முறைப் பின்னணியை வைத்து முடிவு செய்தார்களே, அதை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'கஞ்சா வேட்டை' நடவடிக்கைகளில் வங்கிக் கணக்குகளையும் முடக்கினார்கள். அது சரியான திசை. பணம் நின்றால் ஆள் எடுக்க முடியாது. ஆனால் புகைப்பவரையே திரும்பத் திரும்பப் பிடித்து எண்ணிக்கை காட்டுவது தெருவின் பயத்தைக் குறைக்காது. தானே சிகிச்சைக்கு வருபவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தரும் 64-ஏ பிரிவைப் பற்றிப் பல குடும்பங்களுக்குத் தெரியாது. நிலையத்தில் அழுதுகொண்டு நிற்கும் அம்மாவிடம் அதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

பெரிய பறிமுதல் முடிந்ததும் செய்ய வேண்டியதும் கடினமில்லை. பாக்கி வைத்திருப்பவர்கள், ஏரியாவுக்குப் போட்டியிடக்கூடியவர்கள், 'காட்டிக்கொடுத்தவர்' என்று சந்தேகிக்கப்படுபவர்கள் என மூன்று பெயர்ப் பட்டியல் எழுத வேண்டும். அந்தத் தெருவில் ஒரு மாதம் இரவு ரோந்தைக் கூட்ட வேண்டும். பறிமுதல் பதிவேட்டில் கிலோவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டம் வேண்டும்: அடுத்த 30 நாளில் அதே எல்லைக்குள் பதிவான, பாரதிய நியாய சன்ஹிதாவின் 103 (கொலை), 109 (கொலை முயற்சி), 118 (ஆயுதத்தால் காயப்படுத்துதல்) பிரிவு வழக்குகள் எத்தனை என்று.