ஸ்னோஷூ கட்டிக்கொண்டு அருவிக்குப் போன கதை

எளிதான பாதை என்றுதான் போட்டிருந்தது. போக 2 கிலோமீட்டர், வர 2 கிலோமீட்டர், மேடு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரம் போதும் என்று நினைத்தேன். இரண்டரை மணி நேரம் ஆனது.

ஸ்னோஷூ என்பது பனியில் நடக்க பூட்ஸுக்கு அடியில் கட்டிக்கொள்ளும் அகலமான சட்டம். அதைப் போட்டால் பனிமேல் மிதந்து போகலாம் என்றெல்லாம் நம்பியிருந்தேன். அப்படி இல்லை. புதுப்பனியில் கணுக்கால்வரை இறங்கத்தான் செய்கிறது, என்ன, வெறும் பூட்ஸோடு போனால் தொடைவரை இறங்கும். உடம்பு எடையை அகலமாகப் பரப்பிவிடுவதுதான் அதன் வேலை, அதனால் அளவு பார்க்கும்போது முதுகுப்பையின் எடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முன்பாதத்தில்தான் பிடிப்பு, குதிகால் தனியாக மேலே எழும்பும், அடியில் பற்கள் உண்டு. காலைக் கொஞ்சம் அகட்டி வைத்தால் பத்து நிமிடத்தில் நடை பழகிவிடும். பின்பக்கமாக மட்டும் நடக்காதீர்கள். படம் எடுக்கலாம் என்று ஓரடி பின்னால் வைத்தேன், ஸ்னோஷூவின் வால்பகுதி பனியில் குத்திக்கொண்டு மல்லாக்க விழுந்தேன். எழுந்திருக்க ஊன்றுகோலை ஊன்றினால் அதுவும் உள்ளே போகிறது!

குளிருமே என்று இருந்ததை எல்லாம் மாட்டிக்கொண்டு கிளம்பியதும் தப்பு. கால் மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டியது, உள்ளே இருந்தது பருத்தி பனியன், ஈரமானால் காயவே காயாது, நின்ற உடனே முதுகில் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான உடுப்பு.

அப்புறம் அருவி. உறைந்து கிடக்கும், சத்தமே இருக்காது என்று நினைத்துப் போனால், உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. வெளியில்தான் பனிக்கட்டி. காற்றுக்குமிழி நிறைய அடைபட்ட இடம் வெள்ளையாக இருந்தது, குமிழி இல்லாமல் கெட்டியாக உறைந்த இடம் நீலமாக, சாயம் கலந்தார்களோ என்று கேட்கத் தோன்றும் நீலம். சிவப்பு ஒளியைப் பனிக்கட்டி கொஞ்சம் விழுங்கிவிடுவதால் வரும் நிறமாம். நான் அந்தச் சத்தத்தைத்தான் அதிகம் கேட்டுக்கொண்டிருந்தேன். சுற்றிலும் புதுப்பனி எல்லா ஓசையையும் உறிஞ்சிவிட்டிருக்க, அது மட்டும் சுவருக்குப் பின்னால் யாரோ பேசுகிற மாதிரி.

அருவிக்கு நேர் முன்னால் சமதளமாக, வா வா என்று கூப்பிடுகிற வெள்ளை இடம் ஒன்று இருக்கும். அது தரை இல்லை. தண்ணீர் விழுந்து விழுந்து குடைந்த மடு. மேலே மூடிய பனிக்கட்டி, அடியில் ஓட்டம் இருப்பதால், ஓரிடத்தில் கெட்டியாகவும் அடுத்த அடியில் மெலிதாகவும் இருக்கலாம். மேலே தொங்கும் பனிக்கட்டிகளும் எப்போது விழும் என்று சொல்ல முடியாது, வெயில் பட்டால் இன்னும் மோசம். நான் தள்ளியே நின்றேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அருவியடிவரை போகாமல் இருப்பதா என்று கால் பரபரத்தது உண்மைதான்.

சரி, படமாவது எடுக்கலாம் என்று வெளிப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தால், 40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது அப்படியே அணைந்துவிட்டது. குளிரில் பேட்டரி படுத்துக்கொள்ளும், உடம்போடு ஒட்டி உள்பையில் வைத்திருக்க வேண்டும். வண்டிக்குத் திரும்பி ஹீட்டர் போட்டதும் எழுந்து 38 என்று காட்டுகிறது.