அணித் தலைவியரும் கூடலூர்ப் பேருந்தும்

நீலகிரி மாவட்டத்தின் பந்தலூர் வட்டாரத்துப் பள்ளியொன்றில் ஆசிரியையாகப் பணிபுரிந்துகொண்டே சாரணியர் படையையும், அதாவது பெண் பிள்ளைகளுக்கான சாரணர் குழுவையும், நடத்தி வருகிறேன். இதற்கென்று தனி ஊதியம் கிடையாது. வார இறுதிகளில் பாதி இதற்கே போய்விடும். மாணவியரில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் வழிவந்தவர்களும் அவர்களில் பலர். அம்மா கொழுந்தை எடை போட்டுவிட்டு வீடு திரும்புவதற்குள் தண்ணீர் பிடித்து, உலை வைத்து, தம்பியையும் பார்த்துக்கொள்ளும் சிறுமிக்குப் பொறுப்பைப் பற்றி நாம் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. வேலையெல்லாம் அவள் தலையில்தான். ஆனால் எதைச் செய்வது, எப்போது செய்வது என்று அவளை யாரும் கேட்பதில்லை.

தன்னம்பிக்கை குறித்துப் பேச வெளியூரிலிருந்து வரும் பேச்சாளர்கள் மீது எனக்குப் பெரிய மதிப்பு இல்லை. பிள்ளைகள் கை தட்டுவார்கள், அத்துடன் சரி. சாரணியர் இயக்கத்தில் எனக்குப் பிடித்தது அணி முறைதான். ஆறு முதல் எட்டுப் பேர் ஓர் அணி. அவர்களுக்குள் ஒருத்தி தலைவி. தலைவியர் கூடிப் பேசி எடுக்கும் முடிவை நாங்களும் மதிக்க வேண்டும். இந்த இயக்கமே பெண் பிள்ளைகள் கேட்டு வாங்கியதுதான். 1909-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சிறுவர்களுக்காக நடந்த சாரணர் பேரணிக்குச் சில சிறுமியர் அழைப்பில்லாமலே வந்து தங்களுக்கும் இடம் கேட்டனர். மறு ஆண்டே சாரணியர் இயக்கம் தொடங்கியது. 1911-இல் ஜபல்பூரில் இந்தியாவின் முதல் படை அமைந்தது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு உறுதிமொழியைவிட முன்னதாக இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

ஒருமுறை உதகைக்கு ஒருநாள் பயணம் செல்லும் திட்டத்தை முழுவதுமாகத் தலைவியரிடமே விட்டிருந்தேன். தாவரவியல் பூங்கா, படகு இல்லம் இரண்டையும் பார்த்தே தீர வேண்டும் என்று மூன்று அணிகளும் ஒரே குரலில் நின்றன. நான்காம் அணியின் தலைவி எட்டாம் வகுப்பு மாணவி; வகுப்பில் பெயர் சொல்லி அழைத்தால்கூட எழுந்து நின்று தரையைப் பார்ப்பவள். கோடு போட்ட நோட்டில் அவள் ஏற்கெனவே கணக்கெழுதி வைத்திருந்தாள்: உதகையிலிருந்து கூடலூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர், நடுவட்டத்தில் மூடுபனி இருந்தால் பேருந்து ஊர்ந்துதான் வரும், கூடலூரில் மாறி ஏற வேண்டும், அதன் பிறகு லயன் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) வரை நடை. "படகுக்குப் போனா ஆறு மணி தாண்டிடும் டீச்சர். எங்க மேட்டுல அந்நேரம் யானை எறங்கிடும்" என்றாள். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு தலைவி என் முகத்தைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க டீச்சர்" என்றாள். இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி இதுதான்: விடை தெரிந்திருந்தும் ஆசிரியை வாயைத் திறக்காமல் இருப்பது. வெகுநேரம் வாதாடினார்கள். படகைக் கைவிடுவது என்றும், பூங்காவைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுடன் கிளம்பிவிடுவது என்றும் அவர்களே தீர்மானித்தார்கள். நோட்டை எழுதியவளிடமே பயணப் பணத்தின் கணக்கும் போய்ச் சேர்ந்தது. நான் சொல்லி அல்ல.

அந்த நோட்டைப் பார்த்த பிறகே சில தகப்பனார்கள் பிள்ளைகளை அனுப்பச் சம்மதித்தனர். "எத்தனை மணிக்குத் திரும்பும்னு எழுதியிருக்கு, அது போதும்" என்றார் ஒருவர். பெண்ணை வெளியே அனுப்பத் தயங்கும் பெற்றோரைப் பிற்போக்கானவர்கள் என்று சமவெளியிலிருந்து வரும் நண்பர்கள் சட்டென்று முத்திரை குத்திவிடுவதுண்டு. இருட்டிய பிறகு தேயிலைக்கு நடுவே நடந்து பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

எங்கள் உண்மையான சிக்கல் வேறு. பொறுப்பாசிரியைக்கு இடமாற்றம் வந்தால் பல பள்ளிகளில் படையும் அத்துடன் கலைந்துவிடுகிறது. அதனால் பழைய சாரணியரில் கல்லூரி முடித்துவிட்டு ஊரில் இருக்கும் இருவரை உடன் சேர்த்துக்கொண்டேன். பெற்றோர் என்னைவிட அவர்களிடம் தாராளமாகப் பேசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் லயனிலேயே அணிக் கூட்டம் நடத்தவும் அவர்களால் முடிகிறது. அடுத்த பயிற்சி முகாமுக்கு இருவர் பெயரையும் மாவட்டத்திற்கு எழுதி அனுப்பியிருக்கிறேன்.