மெஷின் தொடல, அவர் "தெரியுது"ன்னார்

சென்சரி டெஸ்ட்ல, அதாவது கால்ல உணர்ச்சி எவ்ளோ இருக்குன்னு மெஷின் வெச்சுப் பார்க்குறதுல, நடுநடுவுல மெஷின் காலைத் தொடவே தொடாது, தொடுற மாதிரி காட்டிட்டு சும்மா இருக்கும். அப்பவும் பேஷண்ட் "தெரியுது"ன்னு சொல்லிட்டே இருந்தா நிறுத்திட்டு, திரும்ப விளக்கிட்டு மறுபடி ஆரம்பிக்கணும். ரூல் அவ்ளோதான், நானும் அதைத்தான் செஞ்சேன்.

அப்போலோ ட்ரையல் (நம்மூர் ஆஸ்பத்திரி இல்லங்க, பாட்டிசிரான் மருந்துக்கு நடந்தது). பரம்பரை டிடிஆர் அமிலாய்டோசிஸ், லிவர் செய்யற ஒரு புரோட்டீன் குலைஞ்சு நரம்புல போய்ப் படிஞ்சிடும், பாதத்துல மரத்துப்போறதுல ஆரம்பிச்சு மேல ஏறும். 225 பேர்ல மூணுல ரெண்டு பங்குக்கு மருந்து, மிச்சப் பேருக்கு வெறும் சலைன், மூணு வாரத்துக்கு ஒரு ட்ரிப்ஸ்னு 18 மாசம். யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது.

இவர் வடக்கு போர்ச்சுகல்காரர், அப்பாவும் இதே நோயில போனவர். ஒன்பதாம் மாச டெஸ்ட்.

"ஊகிச்சு சொல்லாதீங்க சார், நெஜமா பட்டா மட்டும் சொல்லுங்க."

"நெஜமாத்தான் பட்டுச்சு." கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்போ மருந்து வேலை செய்யலையா?"

தெரியாதுன்னேன். உண்மைதான் அது. ஆனா அடுத்த ரவுண்ட்ல மனுஷன் எல்லாத்துக்கும் "இல்ல, இல்ல"ன்னே சொல்லிட்டு இருந்தார், அதுல எத்தனை நெஜமான இல்ல, எத்தனை எனக்குப் பயந்து சொன்ன இல்லன்னு இப்ப வரைக்கும் புரியல.

கறாரா இல்லன்னா எப்படிங்க? ஆசையில சொல்ற "தெரியுது"வை எல்லாம் எழுதிக்கிட்டா சலைன் போட்டவங்களுக்கும் குணமான மாதிரிதான் வரும். 2018ல வந்த ரிசல்ட்ல சலைன் குரூப்போட நரம்பு பாதிப்பு ஸ்கோர் சராசரி 28 ஏறியிருந்துச்சு, ஏறினா மோசம்னு அர்த்தம், மருந்து குரூப்புக்கு 6 இறங்கியிருந்துச்சு. அந்த ஆகஸ்ட்லயே அமெரிக்காவுல அனுமதியும் கிடைச்சிடுச்சு. இப்படிக் கறாரா இருந்ததாலதான் அந்த வித்தியாசம் சந்தேகமில்லாம தெரிஞ்சுதுன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன்.

ஆனா கெட்டுப்போன நரம்பு யாரும் தொடாமலே நாள் பூரா சுருக் சுருக்குன்னு குத்திட்டே இருக்கும், அதைத்தான் அவர் பட்டுச்சுன்னு சொல்லியிருப்பாரோ? அப்படின்னா அவர் ஊகிக்கவே இல்லையே, நான்தான் அவர் காலுக்குள்ள நடக்கிறதைப் பொய்னு சொல்லிட்டேனா... டெஸ்ட்டுக்கு அந்தக் குத்தல் வேணாம், சரி, அவருக்கு அதை வேற மாதிரி சொல்லியிருக்கலாம். இப்பல்லாம் "ஊகிச்சு சொல்லாதீங்க"ன்னு சொல்ற இடம் வந்தா என் குரல் தானா இறங்கிடுது, அப்படி இறங்குறதும் தப்புதான், எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லணும்னுதான் ட்ரெய்னிங்.