ஒரு கிலோ அரிசில ஒரு அரிசி

எம்எஸ்சி கெமிஸ்ட்ரி முடிச்சிட்டு பெரியகுளத்துல வீட்டோட சும்மா கிடந்தப்ப கொடைக்கானல்ல ஒரு வேலை வந்துச்சு. மூடிப்போன தெர்மாமீட்டர் ஃபேக்டரி மண்ணுல இருக்கிற பாதரசத்தை எடுக்கிறாங்க, அதை ஸ்கூல் பிள்ளைங்களுக்கும் ஊர்க்காரங்களுக்கும் புரியிற மாதிரி சொல்லணும், அவ்ளோதான் வேலை. எங்க அம்மாவுக்கு மட்டும் பிடிக்கல, "விஷம் இருக்கிற இடத்துல உனக்கென்னடி வேலை"ன்னாங்க. அந்த ஃபேக்டரிக்குப் பக்கத்துல இருக்கிற பாம்பார் சோலைத் தண்ணிதான் கீழ இறங்கி கும்பக்கரைல அருவியா விழுது, அதுல சின்ன வயசுல நாங்க போடாத ஆட்டமான்னு கேட்டேன், அதுக்கப்புறம் அவங்க ஒண்ணும் பேசல.

ஊருக்கே தெரிஞ்ச கதைதான். அமெரிக்காவுல ஓடிட்டு இருந்த மெஷினையெல்லாம் கழட்டிக் கொண்டுவந்து 80கள்ல இங்க ஆரம்பிச்சாங்க, 2001 மார்ச்ல கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதில ஒரு பழைய இரும்புக் கடைல பாதரசம் ஒட்டுன கண்ணாடித் துண்டு குவிஞ்சு கிடந்தது வெளிய தெரிஞ்சு ஜனங்க ரோட்டுக்கு வந்ததும் மூடுனாங்க. 2003ல கிட்டத்தட்ட 290 டன் கழிவைக் கப்பல்ல ஏத்தி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்புனாங்க. மண்ணு மட்டும் இங்கயே நின்னுபோச்சு.

பிள்ளைங்ககிட்ட சொல்றது ஈஸின்னு நினைச்சுதான் போனேன். பாட்டில்ல மண்ணும் தண்ணியும் போட்டு குலுக்கி வைப்பேன், கல்லும் மணலும் உடனே அடில போயிடும், நைஸ் மண்ணு மட்டும் டீ மாதிரி கலங்கி நிக்கும். பாதரசம் அந்த நைஸ் மண்ணுலதான் அதிகமா ஒட்டிட்டு இருக்கும், அதனால முதல்ல கழுவிப் பிரிக்கணும். அப்புறம் அந்த மண்ணை மூடுன பாத்திரத்துல வச்சு சூடு பண்ணா (பாதரசம் 357 டிகிரில கொதிக்கும்) ஆவியா கிளம்பும், குளிர வச்சா திரும்பச் சொட்டும், இட்லிச் சட்டி மூடில தண்ணி நிக்கும்ல அந்த மாதிரி. இது வரைக்கும் நல்லா கேப்பாங்க. அடுத்து ஒரு பையன் எந்திரிச்சு "மிஸ், நிஜ ரசம் கொண்டு வரலையா"ன்னு கேப்பான், ஒரு ஸ்கூல் விடாம கேட்டிருக்காங்க. அதோட அழகு அப்படி. அந்த உருண்டைய நினைச்சுப் பயப்படுங்கடான்னா எந்தப் பிள்ளை பயப்படும்? நாத்தம் இல்ல, சுடாது, பாட்டுக்கு உருண்டு ஓடும், ரூம் சூட்டுலயே கண்ணுக்குத் தெரியாம ஆவியாகிட்டும் இருக்கும், அந்த ஆவிதான் வம்பே. அதனால வீட்டுல தெர்மாமீட்டர் உடைஞ்சா என்ன பண்ணணும்னு மட்டும் பத்து வாட்டி சொல்லுவேன்: விளக்குமாத்தால கூட்டாத, ஜன்னலைத் திற, எல்லாரையும் வெளிய அனுப்பு, பெரியவங்கள கூப்பிட்டு கெட்டி அட்டைல தள்ளி எடுத்து பாட்டில்ல மூடி வைக்கச் சொல்லு.

ஊர்க்காரங்களுக்குன்னு ஒரு ஸ்லைடு வச்சிருந்தேன். ஒரு கிலோ மண்ணுல பாதரசம் 20 மில்லிகிராமுக்குக் கீழ வந்துட்டா போதும்னுதான் கணக்கு, இதுக்கும் கீழ கொண்டுவரணும்னு கோர்ட்டு வரைக்கும் போனவங்க இருக்காங்க. 20 மில்லிகிராம்னா யாருக்குப் புரியும். ஒரு நாள் ராத்திரி ஹாஸ்டல்ல உக்காந்து யோசிச்சப்பதான் தோணுச்சு, ஒரு அரிசியோட எடை ஏறக்குறைய அவ்ளோதான். "ஒரு கிலோ அரிசில வெறும் ஒரே ஒரு அரிசி"ன்னு எழுதி பக்கத்துல ஒரு சாக்குப் படம் போட்டேன். என்னை நானே மெச்சிக்கிட்டேன்.

அதைக் காட்டுனது ஒரு தெருக் கூட்டத்துல. மழை, முப்பது பேர் இருப்பாங்க, பாதிப் பேர் டீக்கும் வடைக்கும் வந்தவங்க. ஸ்லைடு வந்ததும் முன்னாடி உக்காந்திருந்த ஒரு அம்மா, ஸ்வெட்டருக்கு மேல துண்டு போத்தியிருந்தாங்க, "ஏம் பாப்பா, ஒரு கிலோ அரிசில ஒரே ஒரு கல்லு கிடந்தா நீ என்ன பண்ணுவ?"ன்னாங்க. நான் முழிச்சேன். "பல்லு போறதுக்கு ஒரு கல்லு போதும்ல." எல்லாரும் சிரிச்சாங்க, நானும்தான் சிரிச்சேன், வேற என்ன பண்ண.

கூட்டம் முடிஞ்சப்புறம் அவங்க வீட்டுக்காரர் வந்தாரு, அந்த ஃபேக்டரில வேலை பார்த்தவராம். டீ சாசரைக் கையில எடுத்து மெதுவா சாய்ச்சுக் காட்டுனாரு. "இப்படித்தாம்மா, ஒண்ணு நாலா ஓடும், திருப்பிச் சாய்ச்சா நாலும் ஒண்ணாயிரும். புள்ளைகளுக்கு விளையாட டிபன் பாக்ஸ்ல எடுத்துட்டுப் போயிருக்கேன். நீ சொல்றியே ஆவி, அதை எங்ககிட்ட அன்னைக்கு யாரு சொன்னா?" சாசர்ல ஒண்ணுமே இல்ல, ஆனா அவரு கை அந்தக் கனத்தைத் தாங்குற மாதிரியேதான் இருந்துச்சு. தண்ணியை விட பதிமூணரை மடங்கு கனம்னு நான் புக்குல படிச்சது, அவருக்கு மணிக்கட்டுலயே இருக்கு.

எனக்குச் சம்பளம் சுத்தம் பண்றவங்க குடுக்கிறது, அது அந்தத் தெருவுல எல்லாருக்கும் தெரியும், நான்தான் என்னவோ காலேஜ்ல இருந்து வந்த மாதிரி பேசிட்டு இருந்திருக்கேன். 20ங்கிறது தப்பான நம்பர்னு சொல்ல வரல. அது சின்னதா பெருசான்னு கேக்கறவங்க பார்த்துக்கட்டும், அதையும் நானே சொல்லிட்டேன் பாருங்க, அதுதான் உறுத்துச்சு.

அடுத்த கூட்டத்துக்கு முன்னாடி ஸ்லைடைத் திறந்து "வெறும் ஒரே"ங்கிற ரெண்டு வார்த்தையை அழிச்சேன், சாக்குப் படத்தையும் எடுத்துட்டேன். மேனேஜர் பார்த்துட்டு, நல்லாத்தானே இருந்துச்சு எதுக்கு மாத்துனீங்கன்னு கேட்டாரு.

எழுத்து ஸ்கிரீனை விட்டு வெளிய போகுது சார்னேன்.