ஊசிக்கோபுரம் இல்லாத நோத்ருதாம்

பாரிஸில் சேன் நதியின் கரைச்சுவர் நெடுகப் பச்சைப் பெட்டிகளைத் திறந்து வைத்துப் பழைய புத்தகம் விற்பார்கள். 2022 அக்டோபரில் அப்படியொரு பெட்டியில்தான் அந்தப் படம் கண்ணில் பட்டது. பிரெஞ்சு ஓவியர் சார்ல் மெரியோன் 1854இல் போட்ட எட்சிங், அதாவது செப்புத் தகட்டில் கீறி அச்செடுத்த படம். நோத்ருதாம் தேவாலயத்தின் முகப்பை விட்டுவிட்டு, ஆற்றங்கரையிலிருந்து அதன் முதுகைக் காட்டும் படம். அசலாக இருக்குமோ என்று ஒரு நப்பாசை. அசல் என்றால் செப்புத் தகடு அழுந்திய பள்ளம் ஓரத்தில் விரலுக்குத் தட்டுப்படும். தடவினேன், வழுவழுவென்று இருந்தது. நகல்தான். இருந்தாலும் வாங்கிவிட்டேன்.

படத்தில் இரட்டைக் கோபுரங்கள் இருக்கின்றன, கூரை நடுவே ஊசிக்கோபுரத்தைக் காணோம். 2019 ஏப்ரல் 15 தீயில் சரிந்ததே, அதுதான். ஓவியர் விட்டுவிட்டாரா? இல்லை. பழைய ஊசிக்கோபுரம் ஆட்டம் கண்டு, 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இறக்கப்பட்டுவிட்டது. எரிந்தது, கட்டடக் கலைஞர் வியோலே லெ டுக் 1859இல் எழுப்பியது. நடுவே 60, 70 ஆண்டுகள் கூரை மொட்டைதான். டிவியில் அது சரிந்தபோது "எண்ணூறு வருஷக் கோபுரம் போச்சே" என்று புலம்பியவர்களில் நானும் ஒருவன்.

படத்தைக் கையில் பிடித்தபடி தூர்னெல் கரைக்கு நடந்தேன். ஏறக்குறைய அங்கிருந்துதான் மெரியோன் பார்த்திருக்கிறார். கடற்படையில் நியூசிலாந்து வரை போய் வந்தவர். நிறக்குருடு என்பதால் வண்ணத்தை விட்டு எட்சிங்குக்கு வந்தவர். தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போடவேண்டும். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அதிக நேரம் ஊறினால் கோடு ஆழமாகும், மை கறுப்பாகப் பிடிக்கும். அத்தனையையும் இடவலம் மாற்றி வரையவேண்டும், அச்சில் திரும்பிவிடும் அல்லவா! சுவருக்கு வெளியிலிருந்து முட்டுக்கொடுக்கும் அந்தக் கல் வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு துல்லியம்.

அன்று நேரில் பார்த்தால் சாரமும் கிரேனும். கூரையே இல்லை. ஆனால் ஊசிக்கோபுரம் இல்லாத வானம் மட்டும் படத்தில் இருப்பது போலவே இருந்தது. படத்தில் படகும் குதிரை வண்டியும் நிற்கிற கரையில் இப்போது ஜாகிங் போகிறார்கள்.

ஒரு தம்பதி போனை நீட்டி, கிரேன் விழாமல் ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொன்னார்கள். இடம் மாற்றி மாற்றி நின்று பார்த்தேன். எப்படி எடுத்தாலும் விழுந்தது.