இன்கா பாதைக்குப் பெர்மிட் கிடைக்காமல் லாரெஸ் நடந்த கதை

பெரு நாட்டு மலையில் இருக்கும் பழைய இன்கா நகரமான மச்சு பிச்சுவுக்கு நடந்து போகிறேன் என்றால் எல்லோரும் கேட்பது "இன்கா பாதையா?" என்றுதான். அந்தப் பாதையில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. வழிகாட்டி, சமையல்காரர், சுமை தூக்குபவர்கள் எல்லோரும் அந்தக் கணக்கில் அடக்கம் என்பதால், நம்மைப் போன்றவர்களுக்கு மிஞ்சுவது 200 சொச்சம். ஜூன் மாதப் பயணத்துக்கு நான் ஏப்ரலில் விசாரித்தேன். ஒரு ஏஜென்சி வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டது. மூன்று வாரம் கழித்து, "லாரெஸ் வழியாகப் போகிறீர்களா? அதற்குப் பெர்மிட் வேண்டாம்" என்று ஒரு மெயில். பணத்தைத் திருப்பிக் கேட்டேன், பதிலே வரவில்லை. சரி, போட்ட காசு போகட்டுமா என்று லாரெஸுக்குத் தலையாட்டினேன்.

முதல் தப்பு கூஸ்கோவில். நகரமே 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதுவரை நான் ஏறியதில் உயரமான இடம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர், அதுவும் பஸ்ஸில். இறங்கியதும் கோகா இலை டீ கொடுத்தார்கள். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. அந்தத் தைரியத்தில் அன்றைக்கே மேட்டில் ஏறி சாக்சைவாமன் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்தேன். ராத்திரி மண்டையைப் பட்டை போட்டு இறுக்கிய மாதிரி வலி, தூக்கமில்லை. உயரத்தால் வரும் இந்த உபாதைக்கு அங்கே 'சொரோச்சே' என்று பெயர். விமானம் விட்டு இறங்கியதும் நேராக 500 மீட்டருக்கு மேல் கீழே இருக்கும் உருபாம்பா பள்ளத்தாக்குக்குப் போய் இரண்டு ராத்திரி தூங்கியிருக்க வேண்டும். இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து அப்படிச் செய்யுங்கள்.

விடியற்காலை வேன் கிளம்பி, கால்கா வழியாக ஒரு கணவாயைத் தாண்டி லாரெஸில் இறக்கிவிட்டது. அங்கே வெந்நீர் ஊற்றுகள் உண்டு, மஞ்சள் கலந்த பழுப்பு நிறத் தண்ணீர். நடப்பதற்கு முன்பே குளியல் போட்டது விவேகமில்லை; கால் துவண்டுவிட்டது. இரண்டு குதிரைகளில் கூடாரமும் சமையல் சாமானும், மூன்றாவது குதிரை வெறுமனே. "இது எதற்கு?" என்றேன். வழிகாட்டித் தம்பி சிரித்தானே தவிர பதில் சொல்லவில்லை.

முதல் ராத்திரி வாக்கவாசி என்ற ஊரில். 'வாசி' என்றால் அந்த மலைக்காரர்களின் மொழியான கெச்சுவாவில் வீடு. மண் செங்கல் சுவர், உள்ளே ஒரே அறை, தரையில் கினிப்பன்றிகள் கீச்சுக்கீச்சென்று அடுப்படியைச் சுற்றி ஓடுகின்றன. விருந்து நாளில் அவைதான் கறி. நான் சைவம் என்று முன்பே சொல்லிவைத்திருந்ததால் எனக்குக் கீன்வா என்ற தானிய சூப்பும் அவித்த உருளைக்கிழங்கும். பெரு மலைகளில் ஆயிரக்கணக்கான வகை உருளைக்கிழங்கு இருக்கிறது என்று படித்திருந்தேன். என் தட்டில் நான்கு வகை. அதில் ஒன்று உள்ளே கத்தரிப்பூ நிறம். இன்னொன்று கறுத்துச் சுருங்கி, கூழாங்கல் மாதிரி. அதன் பெயர் 'சூன்யோ': பனியில் உறையவிட்டு, காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து, வெயிலில் காயவைத்த கிழங்கு. வருடக்கணக்கில் கெடாதாம். வற்றல் போடுகிற நமக்கு விளக்கம் தேவையில்லை, ஆனால் ருசி பழக நாளாகும்.

அந்த வீட்டு அம்மா அதற்குத் தொட்டுக்கொள்ள அரைத்ததைத்தான் நான் கிட்டே உட்கார்ந்து பார்த்தேன். தட்டையான கல், மேலே பாதி நிலா வடிவில் ஒரு கனத்த கல். நம் அம்மிக்குழவியைப் போல முன்னும் பின்னும் தள்ளுவதில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தொட்டில் மாதிரி ஆட்டுகிறார். ரொகோட்டோ மிளகாய், வக்கதாய் என்ற ஒரு வாசனை இலை, உப்பு. பெயர் 'உச்சுகுத்தா'. உச்சு என்றால் மிளகாய், குத்தா என்றால் அரைத்தது. துவையலேதான். காரம் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. மிளகாயே இந்தக் கண்டத்திலிருந்து நம்மிடம் வந்ததுதானே, மூலவீட்டில் அரைத்த துவையல் என்று இரண்டு தரம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அன்று இரவு தம்பி மொழி சொல்லிக்கொடுத்தான். வாசி, வாசிகுனா, வாசிகுனாபி: வீடு, வீடுகள், வீடுகளில். அப்படியே நம்மைப் போல ஒட்டிக்கொண்டே போகிறது. "ஸ்பானிஷில் 'நாம்' என்பதற்கு ஒரே சொல்தான், எங்களிடம் இரண்டு" என்று பெருமையாக ஆரம்பித்தான். கேட்பவரையும் சேர்த்தால் நொகாஞ்சிஸ், சேர்க்காவிட்டால் நொகாய்க்கு. "எங்களிடமும் இரண்டு: நாம், நாங்கள்" என்றேன். கூடாரத்துக்கு வெளியே குதிரைக்காரப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவரிடம் கத்திச் சொன்னான். அதுவரை என்னிடம் பேசாதவர் உள்ளே வந்து, என்னை இரண்டு சொல்லையும் திரும்பச் சொல்லச் சொன்னார். அவரைத் 'தைத்தா' என்று கூப்பிட வேண்டும், அப்பா என்று அர்த்தம், மரியாதை.

இரண்டாம் நாளைப் பற்றி அதிகம் பெருமைப்பட ஒன்றுமில்லை. கணவாய் சுமார் 4,450 மீட்டர். பத்து அடி நடந்தால் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். தைத்தா கொடுத்த கோகா இலைகளைச் சாம்பல் கட்டி ஒரு கிள்ளுடன் கன்னத்தில் அடக்கினேன். நாக்கு மரத்ததே தவிர மூச்சு வரவில்லை. பாறை ஓரத்தில் வாந்தி. தைத்தா ஒன்றும் பேசாமல் மூன்றாவது குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினார். கடைசி ஒரு மணி நேரம் அதன் மேல்தான். எங்களைக் கடந்து ஒரு பாட்டி, முதுகில் விறகு, கையில் தக்ளி, நூல் நூற்றபடியே ஏறிப் போனார்.

கணவாய்க்கு அப்பால் இப்ஸைகோச்சா ஏரி. ராத்திரி தண்ணீர் பாட்டில் உறைந்துவிட்டது. ஜூன், ஜூலை மழையில்லாத மாதங்கள்தான், ஆனால் குளிர் அப்படி.

மூன்றாம் நாள் பட்டகாஞ்சா, வில்லோக் வழியாக இறக்கம். முட்டி கழன்றுவிடும் போல இருந்தது. இந்த ஊர்க்காரர்களின் சிவப்பு போஞ்சோவை, அதாவது தலைவழியே மாட்டும் மேல்போர்வையைப் பார்த்து 'வாய்ரூரோ' என்று கூப்பிடுகிறார்கள். அது சிவப்பும் கறுப்புமான ஒரு விதை. தம்பி பையிலிருந்து எடுத்துக் காட்டினான், நம் குன்றிமணிக்கு அண்ணன் மாதிரி. வில்லோக்கில் எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் பெண்கள் வரிசையாகத் துணி விரித்து உட்கார்ந்தது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அப்புறம் ஒருவர் சாயம் எடுக்கும் கொச்சினீல் பூச்சியை உள்ளங்கையில் நசுக்கினார், ரத்தச் சிவப்பு. ஒரு சொட்டு எலுமிச்சை விட்டதும் ஆரஞ்சு. சங்கடம் மறந்துபோய் நானும் உட்கார்ந்துவிட்டேன். வாங்கும்போது துணியைத் திருப்பிப் பாருங்கள். கைநெசவென்றால் பின்பக்கமும் அதே உருவம் இருக்கும், நிறம் மட்டும் இடம் மாறியிருக்கும். பேரம் பேச வேண்டாம், ஒரு சால்வைக்கு வாரக்கணக்கில் உழைப்பு. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்காதீர்கள். பல் கெட்டால் வைத்தியத்துக்கு மலை இறங்க வேண்டும்.

ஓயந்தாய்தாம்போவில், மச்சு பிச்சு பக்கம் போகும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சாமான் இறக்கினோம். கோகா இலையோடு நாட்டை விட்டு விமானம் ஏறக்கூடாது என்று தம்பி நினைவுபடுத்தவும், பையில் மிச்சமிருந்ததைத் தைத்தாவிடம் நீட்டினேன். கிழியாத இலையாக மூன்றைப் பொறுக்கி, விசிறி மாதிரி சேர்த்துப் பிடித்து, நாங்கள் வந்த மலைப் பக்கம் திரும்பி ஊதினார். மீதியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, குதிரைகளை ஓட்டிக்கொண்டு வந்த வழியே ஏற ஆரம்பித்தார்.