அம்மாவுக்கு ரெண்டு கை, ரெண்டு ஆபரேஷன்

முக்கூடல் பக்கம் எங்க ஊர்ல பீடி சுத்தாத வீடு கம்மி, அம்மா முப்பது வருஷமா சுத்துதா. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திச்சு உக்காந்து கைய உதறு உதறுன்னு உதறுவா, கேட்டா "மரத்துப் போவுதுல, சுண்டுவிரல் மட்டும் தப்பிச்சிட்டு"ன்னு சொல்லுவா. நாங்க வாதம், கழுத்தெலும்பு தேய்மானம்னு தைலம் தேச்சே மூணு வருஷத்த ஓட்டிட்டோம்.

இதுக்குப் பேரு கார்ப்பல் டனல், அந்த சுண்டுவிரல் கணக்கு தான் முக்கியமான துப்பாம், பாளையங்கோட்டைல டாக்டர் சொன்னாவ. மணிக்கட்டுல ஒரு சின்ன குகை, அதுக்குள்ள விரல மடக்குத 9 தசைநாணும் மீடியன் நரம்பும் நெருக்கியடிச்சுப் போவுது, அந்த நரம்பு சுண்டுவிரலுக்குப் போறதில்ல. ஆபரேஷன்ல குகைக்கு கூரை மாதிரி கெடக்குற லிகமென்டுங்குற நார்ப்பட்டைய வெட்டி விடுதாவ, அவ்ளோ தான்.

வலது கைக்கு உள்ளங்கையக் கீறி ஓபன். ரெண்டு வருஷம் கழிச்சு இடது கை மரக்க ஆரம்பிச்ச மூணாம் மாசமே ஓடிட்டோம், அதுக்கு எண்டோஸ்கோப்பி. 1980கள் கடைசில ஜப்பான்லயும் அமெரிக்காவுலயும் வந்த முறை, மணிக்கட்டு மடிப்புல சின்ன ஓட்டை போட்டு கேமராவ விட்டு அதே நார்ப்பட்டைய அடியில இருந்து வெட்டுதாவ.

ரெண்டு கைலயும் ராத்திரி உதறல் முதல் வாரமே போயிட்டு. ஆனா ஓபன் பண்ண கைல தழும்பு தொட்டாலே சுள்ளுன்னும், ஒன்றரை மாசம் அருவாமனை புடிக்க முடியல. எண்டோஸ்கோப்பி கை மூணாம் வாரமே பீடித் தட்டுல இருந்துச்சு (நாங்க ஏசுனது வேற கதை). ஆனா அதுலயும் நடுவிரல் பக்கம் புதுசா ஒரு மரமரப்பு வந்து எங்கள பயங்காட்டிட்டு ரெண்டு மாசத்துல போச்சு, இந்த மாதிரி தற்காலிகத் தொந்தரவு இதுல ஓபனை விட கொஞ்சம் கூடவாம். உள்ளங்கை ஓரத்துல அமுக்குனா வலிக்கிறது ரெண்டுலயும் உண்டு.

ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்த ஆராய்ச்சிகளும் கிட்டத்தட்ட இதைத் தான் சொல்லுது, எண்டோஸ்கோப்பின்னா வேலைக்கு சுமார் ஒரு வாரம் முந்தி திரும்பலாம், தழும்பு வலி கம்மி, வருஷக்கணக்குல பாத்தா ரெண்டும் ஒண்ணு தான். கேமரான்னதும் வாயப் பொளந்து கூடுதல் காசு குடுத்தது நாங்க தான், வேற யாரக் குத்தம் சொல்ல?

ஆனா அம்மா கைய பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா வித்தியாசம் பளிச்சுனு தெரியும், அது ஆபரேஷனால இல்ல. வலது பெருவிரலடி சதை தைலம் தேச்சு ஓட்டுன அந்த மூணு வருஷத்துல வத்திக் குழியாயிட்டு, நரம்ப விடுவிச்ச பொறவும் ரொம்பல, சட்டை பட்டன் போட இன்னைக்கும் தடுமாறுதா.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா கைய உதறிக்கிட்டே இலை வாங்க வந்தாவ. அம்மா அவுக கையப் புடிச்சு பெருவிரலடிய அமுக்கிப் பாத்துட்டு "இன்னும் சதை கெடக்குட்டி, நாளைக்கே பஸ் ஏறு"ன்னா.